சர்க்கரைக் கோட்டைக்கு இரண்டு விமர்சனங்கள்

எங்கள் படிப்பகத்தின் கையெழுத்து இதழில் படப் பகுதியை ஆறு வருஷம் நான் எழுதினேன். மாதத்துக்கு ஒரு இதழ், ஒரே ஒரு பிரதி. உறுப்பினர்கள் கட்டுரையோ கவிதையோ கிடைத்த தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அவற்றை நாற்பத்தெட்டுப் பக்கத்தில் கறுப்பு மையால் நகல் எடுத்து, தைத்து, அட்டை போடுவதும் என் வேலைதான். மேரி என்று காரைக்காலில் நாங்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிப் பழகிய கை என்று இதழையும் என்னிடம் விட்டிருந்தார்கள்.

இதழ் இருபத்திரண்டு வீடுகளுக்குப் போகும். எந்த வீட்டுக்குப் பின் எந்த வீடு என்ற வரிசையைப் பின்னட்டையின் உட்புறம் ஒட்டியிருப்பேன். ஒரு வீட்டில் ஒரு நாள். கடைசி வீடு என்னுடையது. இதழின் கடைசி ஆறு பக்கங்களை வெறுமையாக விட்டு, மேலே 'வாசகர் கருத்து' என்று மட்டும் எழுதிவைப்பேன். படித்தவர்கள் அதில் எழுதலாம். பெண்களும் எழுதுவார்கள், பெயர் போடாமல். இதழ் சுற்றி முடித்து என் வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.

ஆறு வருஷத்தில் என் விமர்சனங்களுக்கு அங்கே வந்த கருத்துகள் மொத்தம் நான்கு. மூன்று பேர் கையெழுத்து நன்றாக இருப்பதாக எழுதினார்கள். நான்காமவர், படத்தில் நடப்பது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டதால் போய்ப் பார்க்கும் சிரமம் மிச்சம் என்று எழுதினார். அதைப் பாராட்டு என்றே நாட்குறிப்பில் பதிந்திருக்கிறேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு முந்தைய வருஷம் அது. ஊர் எந்தப் பக்கம் போகும் என்று தெருவுக்குத் தெரு வாதம் நடந்துகொண்டிருந்தபோது, புதுச்சேரியிலிருந்து அரசாங்கப் படவண்டி வந்தது. பிரான்சின் இனிப்புக் கலையைப் பற்றிய ஆவணப்படம், இருபத்தாறு நிமிஷம், வண்ணத்தில். அந்தச் சமயத்தில் அதை எதற்கு அனுப்பினார்கள் என்று மேரியில் எங்களுக்கும் விளங்கவில்லை. ஆனால் வண்ணப் படம் என்றதும் ஊரே வந்தது.

மேரி வளாகத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். இந்தப் பக்கம், படக்கருவி இருந்த பக்கம், ஆண்கள். துணிக்கு அந்தப் பக்கம் பெண்கள். படம் அவர்களுக்கும் தெரியவேண்டும் என்பதற்காக ஆரம்பிக்கும் முன் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றித் துணியை நனைத்தார்கள். எங்கள் ஊரில் எப்போதும் அப்படித்தான். ஆறே முக்காலுக்குப் படம் ஓடத் தொடங்கியது. நான் மூன்றாம் வரிசையில் இடப்புறம் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து இருட்டிலேயே குறிப்பு எடுத்தேன். பிரெஞ்சு வர்ணனையை வார்த்தை விடாமல் புரிந்துகொண்டவர்கள் அந்த வளாகத்தில் ஏழெட்டுப் பேர் இருந்திருப்போம்.

ஒரு பெரிய வீட்டுக் கலியாணத்துக்காக இனிப்புக்காரர் ஒருவர் ஐந்து அடுக்கில் கோட்டை கட்டுகிறார். முழுக்க கேக்கும் சர்க்கரையும். துணிப்பையைக் கூம்பாகச் சுருட்டி, நாம் தேன்குழல் பிழிவதுபோல் வெண்ணெய்க் குழம்பைப் பிழிந்து ரோஜாப்பூ செய்கிறார். சூடான சர்க்கரைப் பாகை இழுத்து இழுத்து அன்னப்பறவையின் கழுத்தாக வளைக்கிறார். நான் பதினோரு வகை இனிப்புகளைக் குறித்துக்கொண்டேன். கோட்டைக்கு ஜன்னல்கள் முப்பத்தாறு.

மூன்றரைப் பக்கம் எழுதினேன். நான்கு தடவை திருத்தினேன். ஆரம்பம் இப்படி இருந்தது: "இருபத்தாறு நிமிஷம் ஓடும் இவ்வண்ணப்படம், முன்னுரை, தயாரிப்பு, அலங்காரம், விருந்து என நான்கு பகுதிகளாக அமைந்துள்ளது." இதற்காவது கருத்து வரும் என்று நம்பினேன். மனிதர்கள் கருத்து எழுதுவது கொடுப்பினை என்று இப்போது சொல்வேன். அப்போது அது எனக்குச் சேரவேண்டியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதம் இன்னொரு விமர்சனமும் வந்தது. எங்கள் கொல்லைச் சுவரை ஒட்டிய வீட்டுக்காரர், கடைத்தெருவில் காகிதக் கடை வைத்திருந்த பாய், இதழுக்கு எப்போதாவது துணுக்கு எழுதுவார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. நான் தாள் வாங்கப் போனபோது பொட்டலம் கட்டும் காகிதத்தின் பின்பக்கம் எழுதியதை நீட்டினார்.

"அண்ணே, இந்தத் தடவ அந்தப் படத்தப் பத்தி நானும் ஒண்ணு கிறுக்கியிருக்கேன். உங்களுதுக்கு இடிக்குமோ?"

"எத்தனை பக்கம்?"

"பக்கமா! ஒரு முழம் வரும், அவ்வளவுதான்."

இடிக்காது என்றேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்னுடையதன் கனம் தெரியும் என்று நினைத்தேன். படிப்பகத் தலைவரும் இரண்டையும் போடச் சொன்னார். அவர் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் அவரை முசே, அதாவது ஐயா, என்போம். மேரிக்கு வருகிறவர்கள் என்னையும் அப்படித்தான் அழைப்பார்கள்.

பாய் எழுதியதை அன்று மாலை நகல் எடுத்தேன். முழுதும் தருகிறேன், சின்னதுதான்.

"ஒரு கலியாணத்துக்குச் சர்க்கரையில் கோட்டை கட்டுகிறார்கள். கட்டுகிறவர் இடது கைக்காரர். பிழிவது, இழுப்பது, ஒட்டுவது எல்லாம் இடது கை. நம் கலியாணத்தில் இப்படிச் செய்த தட்டு வந்தால் சம்பந்தி வீட்டுப் பெண்கள் மூடுதுணியை எடுத்த வேகத்தில் திரும்பப் போட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் கையில் ஒரு நடுக்கம் இல்லை.

படம் முடியும்வரை அவர் ஒரு தடவைகூட விரலை நாக்கில் வைக்கவில்லை. இனிக்கிறது என்று அவருக்கு யார் சொன்னது?

இத்தனை சர்க்கரையில் ஒரு ஈ உட்காரவில்லை. ஈயே இல்லாத ஊரா, ஈக்கே பிடிக்காத இனிப்பா என்று படத்தில் சொல்லவில்லை.

கிண்டிய சட்டிகள் நாற்பதாவது இருக்கும். கழுவினவரைக் காட்டவில்லை. கோட்டையை வெட்டினபோது எல்லோரும் கை தட்டினார்கள். வாயில் வைத்ததைக் காட்டவில்லை. அழகாக இருந்தது. பசி எடுக்கவில்லை."

நகல் எடுக்கும் முன் ஒரு தடவை படித்தபோது, கடைசி இரண்டு வாக்கியங்களில் தாளைக் கீழே வைத்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஈயைப் பற்றி நான் ஏன் நினைக்கவில்லை? சட்டிகள் என் குறிப்பிலும் இருந்தன. நாற்பத்திரண்டு என்று எண்ணியே வைத்திருந்தேன். எண்ணினவனுக்குக் கழுவினவர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம் மேலிருந்து நகல் எடுக்கத் தொடங்கினேன். இடது கை என்ற இடத்தில் பேனா நின்றது. என் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். 'வலக்கையால் பிழிகிறார், இடக்கையால் தட்டைச் சுழற்றுகிறார்' என்று தெளிவாக இருந்தது.

இப்படிப் பிழை கண்டால் ஓரத்தில் பென்சிலால் குறியிட்டு, எழுதியவரைக் கேட்டுத் திருத்துவது என் வழக்கம். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அதை விட்டதில்லை. அன்று விட்டேன். 'இடது கை' என்பதை மற்ற வார்த்தைகளைவிட அழகாக எழுதினேன். இருபத்திரண்டு வீட்டில் யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார், கருத்துப் பக்கத்தில் கிழிப்பார், அதைப் பார்க்கலாம் என்று எழுதினேன்.

இதழ் போயிற்று. நான் வழியில் தென்பட்டவர்களிடம் ஜாடையாக விசாரித்தேன். படத்துக்கு வந்திருந்த நான்கு ஆண்களிடம் அந்த இனிப்புக்காரர் எந்தக் கையால் வேலை செய்தார் என்று கேட்டேன். மூன்று பேருக்கு நினைவில்லை. நான்காமவர், "கை இருந்துச்சு, அது தெரியும்" என்றார்.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, தையல்காரர் ஒருவர் மகள் பிறந்ததைப் பதிய மேரிக்கு வந்தார். எங்கள் வரிசையில் அவர் வீடு ஒன்பதாவது. நான் பதிவேட்டில் எழுதுவதை எட்டிப் பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"முசே, இந்தக் கையெழுத்துத்தானே! அந்த ஈயை எழுதுனது நீங்கதானா? எங்க வீட்டுல சிரிச்சுச் சிரிச்சு மாளல. இப்ப அல்வா வாங்கப் போனாக்கூட என் சம்சாரம், ஈ உக்காந்திருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க, ஈ உக்காந்தாத்தான் நல்ல அல்வாங்குறா."

இல்லை என்று நான் உடனே சொல்லவில்லை. எழுதிய வரியின் மேல் ஒற்றுத்தாளை வைத்து அழுத்தி, எடுத்து, மறுபடி வைத்து அழுத்தினேன். அவ்வளவு நேரம் அந்த ஈ என்னுடையதாக இருந்தது. பிறகு, "அது பாய் எழுதினது. நான் எழுதினது அதுக்கு முந்தின கட்டுரை" என்றேன்.

"அதுவும் படிச்சேன் முசே," என்றார். "நல்ல நீளம்."

இருபத்திரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, இதழ் வீட்டுக்கு வந்தது. பாயின் விமர்சனத்துக்குப் பதினேழு கருத்துகள். என்னுடையதுக்கு ஒன்று, கையெழுத்தைப் பற்றியது. பதினேழில் பிழையைச் சுட்டியவர் ஒருவரும் இல்லை. அதற்கும் மேலாக, பெண்கள் எழுத்தில் ஒரு கருத்து இப்படி இருந்தது: "அவர் இடது கைக்காரர் என்பதை எழுதியதற்கு நன்றி. எங்கள் வீட்டு ஆண்கள் நம்பவில்லை."

கூடவே தலைவரின் சீட்டும் ஒன்று செருகியிருந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். படப் பகுதியை இனிப் பாயிடம் கொடுக்கலாமா என்று பேசவேண்டும்.

அந்தப் பகுதி போனால் இதழில் எனக்கென்று ஒரு வரியும் இருக்காது. மற்றவர்கள் எழுதியதை எழுதும் கை மட்டும் மிஞ்சும். நான் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படம் நடந்த செவ்வாய்க்கிழமையைப் புரட்டினேன். மூன்றாம் வரிசையில் எனக்கு அடுத்த நாற்காலி காலி என்று எழுதியிருந்தேன். அது பாய்க்கு ஒதுக்கியது. புதன்கிழமைக் குறிப்பில் காரணமும் இருந்தது: பாய் நாகப்பட்டினத்துக்குக் காகிதக் கட்டு எடுக்கப் போய், திரும்பும்போது எல்லைச் சாவடியில் நிறுத்திவைக்கப்பட்டு, மறுநாள் காலைதான் வந்து சேர்ந்தார்.

அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் லேசானது.

சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. இதழைப் பற்றி அவளிடம் பேசுவது எனக்கு வழக்கமில்லை. ஆனால் வென்றதை யாரிடமாவது சொல்லவேண்டுமே. அவள் முற்றத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கேளு. பக்கத்து வீட்டுப் பாய் படத்தைப் பத்தி எழுதினாரே, எல்லாரும் கொண்டாடுறாங்களே, அந்த ஆளு வலது கைக்காரர். இவரு இடது கைன்னு எழுதியிருக்காரு."

"எந்த ஆளு?"

"கோட்டை கட்டினவர்."

"இடது கைதானேங்க."

"வலது கை. நான் குறிச்சு வச்சிருக்கேன்."

"நான் பாத்து வச்சிருக்கேன். இடது கையில பையப் புடிச்சுப் பிழிஞ்சாரு. லாத்தாகூட, இதென்ன இந்த மனுசன் எல்லாத்தையும் இடது கையால செய்றாருன்னாங்க."

லாத்தா என்றால் அவர்கள் வீட்டு வழக்கில் அக்கா. பாயின் மனைவியை இவள் அப்படித்தான் அழைப்பாள். இருவரும் அன்று துணிக்கு அந்தப் பக்கம் ஒரே கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துணிக்குப் பின்னால் உட்கார்ந்தால் வலம் இடமாகத் தெரியும். எங்கள் ஊரில் வருஷக்கணக்காகப் பெண்கள் எல்லாப் படத்தையும் அப்படித்தான் பார்த்து வருகிறார்கள். பிரெஞ்சு எழுத்து வலமிருந்து இடமாக ஓடினாலும் அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அந்த விமர்சனம் ஒரு பெண் பார்த்தது. சந்தேகமில்லை, பாயின் மனைவி சொல்லி, பாய் எழுதியிருக்கிறார்.

மறுநாள் கூட்டத்துக்குக் கொண்டுபோக வைத்திருந்த இதழை எடுத்து உரக்கப் படித்தேன். "இத்தனை சர்க்கரையில் ஒரு ஈ உட்காரவில்லை..."

"ஈயே இல்லாத ஊரா, ஈக்கே புடிக்காத இனிப்பா," என்றாள் அவள், காயை நறுக்கிக்கொண்டே. பிறகு தலையைத் தூக்கினாள். "அட, அத எழுதிட்டாரா!"

"இது உனக்கு எப்படித் தெரியும்? இதழ் நேத்து வந்ததிலேருந்து என் பெட்டியிலதானே இருந்துச்சு?"

"நான் சொன்னதுதானே. மறுநா காலையில சுவர்கிட்ட நின்னு லாத்தாகிட்டப் பேசிக்கிட்டிருந்தேன். சட்டிய யாரு கழுவுனாங்கன்னு நான் கேக்க, அவங்க சிரிச்ச சிரிப்புல கையில இருந்த செம்பு கீழ விழுந்துருச்சு."

"பசி எடுக்கல?"

"எடுக்கலியே. உங்களுக்கு எடுத்துச்சா?"

நான் இதழை மூடினேன். "இதையெல்லாம் என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லிக்கிட்டேதான வந்தேன், வர்ற வழியெல்லாம்? நீங்க, இரு இரு, எனக்கு மறந்துடும், நான் போயி எழுதணும்னு வெரசா நடந்தீங்க."

செவ்வாய்க்கிழமைக் குறிப்பின் கடைசி வரியைப் போய்ப் பார்த்தேன். என் கையெழுத்தில்தான் இருந்தது: 'வீடு திரும்பியது 7.35. வழியில் அவள் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள்.'

பொறாமை அன்று குறைந்தது என்று எழுத ஆசைதான். அது இடம் மாறியது, அவ்வளவே. இருபத்திரண்டு நாளாகப் பாயின் மேல் இருந்தது. இப்போது அந்தச் சுவரின் மேல் வந்தது. இடுப்பளவுச் செங்கல் சுவர். அதன் மேல் ஊறுகாய்க் கிண்ணமும் வட்டலப்பமும் போய்வருவதை நான் பார்த்திருக்கிறேன். பதினெட்டு வருஷம் என்னோடு இருந்தவள் தன்னிடம் இருந்த மிக நல்ல வாக்கியங்களை அந்தச் சுவருக்கு மேலாகக் கொடுத்திருக்கிறாள். அதைவிடக் கஷ்டமான ஒன்றும் இருந்தது. அவள் மேலேயே எனக்குப் பொறாமையாக இருந்தது. நோட்டும் பேனாவும் இல்லாமல், பிரெஞ்சும் தெரியாமல், தப்பான பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு போனேன். உண்மையை முழுதும் சொல்லலாம், அல்லது சும்மா இருந்துவிடலாம் என்று வழியெல்லாம் யோசித்தேன். இரண்டையும் செய்யவில்லை. பாதி உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்தேன். பாய் படம் பார்க்கவில்லை, அவர் எழுதியதில் பிழை இருக்கிறது. அவ்வளவுதான், என் வீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

என்னைத் தவிரப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். "பியேன், நல்லது, ஆரம்பிக்கலாம்," என்றார் முசே. நான் எழுந்து, காலி நாற்காலியையும் எல்லைச் சாவடியையும் வலது கையையும் தேதி நேரத்தோடு வாசித்தேன். பாய் உட்கார்ந்தபடியே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, முசே," என்றார். "நான் படம் பாக்கல. சாவடியில காகிதக் கட்டு மேல படுத்துக் கெடந்தேன். வீட்டுல சொன்னாங்க, நல்லாருந்துச்சு, எழுதுனேன். அவங்களும் சொந்தமாச் சொல்லல. இன்னொருத்தவங்க சொன்னது."

"யாரு சொன்னது?" என்று கேட்டார் முசே.

"எழுதும்போதே பேரு போடணும்னுதான் நெனச்சேன். அவங்க வீட்டுக்காரரு அதே படத்தப் பத்தி மூணரைப் பக்கம் எழுதியிருந்தாரு. சங்கடப்படுவாரேன்னு விட்டுட்டேன்."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்று மூன்றரைப் பக்கம் எழுதியவன் அந்த அறையில் ஒருவன்தான். பதின்மூன்று தலைகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின.

"என் வீடு," என்றேன்.

முதலில் சிரித்தது தையல்காரர். பிறகு எல்லோரும். கேலியாக மட்டும் இல்லை, சந்தோஷமாகவும் சிரித்தார்கள். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. முசே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப படப் பகுதி உங்க வீட்டுலயே இருக்கட்டும்," என்றார். "அடுத்த படத்துக்கு அவங்களையே கேட்டு எழுதிக் கொண்டாங்க. இதுவரைக்கும் நாம போட்டதெல்லாம் துணிக்கு இந்தப் பக்கத்து விமர்சனம். அந்தப் பக்கத்துக்கு இப்பத்தான் ஒண்ணு வந்திருக்கு. அப்புறம், அது யாரு சொன்னதுன்னு அடுத்த இதழ்ல தவறு திருத்தம் ஒண்ணு போட்டுடுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள், "எழுதவெல்லாம் எனக்கு வராது" என்றாள். சரி, பேசு, நான் எழுதிக்கொள்கிறேன் என்று நோட்டைத் திறந்து எதிரே உட்கார்ந்தேன். சோதனைக்கு அந்தப் படத்தைப் பற்றியே மறுபடி சொல்லச் சொன்னேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"படம் நன்றாக இருந்தது," என்றாள். "வண்ணம் நன்றாக இருந்தது. ஐந்து அடுக்கு இருந்தது."

"இப்படியா லாத்தாகிட்டப் பேசுனே?"

"அவங்க கையில நோட்டு இல்லையேங்க."

நோட்டை மூடினேன். அப்படியும் அவள் பேச்சு வரவில்லை. மூடிய நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஏற்பாடு இப்படி அமைந்தது. அவள் சுவருக்கு மேல் பேசுவாள். லாத்தா பாயிடம் சொல்வார். பாய் பொட்டலக் காகிதத்தில் எழுதிக் கடையில் என்னிடம் கொடுப்பார். நான் நகல் எடுப்பேன். என் வீட்டுப் பேச்சு ஒரு வீடு சுற்றி, ஒரு கடை சுற்றி எனக்கு வந்தது. அடுத்து வந்த துறைமுகப் படத்துக்கு அப்படித்தான் எழுதினோம். அதற்குப் பன்னிரண்டு கருத்துகள்.

தவறு திருத்தத்தை மட்டும் நான் எழுதினேன். தலைவர் சொன்ன விஷயம் இரண்டே வரியில் முடிந்தது: சென்ற இதழில் வந்த விமர்சனத்தின் சொற்கள், இதழை நகல் எடுப்பவரின் மனைவியுடையவை. எழுதும்போது பேனாவை இரண்டு தடவை துடைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதன் கீழே இரண்டாவது குறிப்பு ஒன்று சேர்த்தேன். படத்தில் வரும் இனிப்புக்காரர் உண்மையில் வலது கைக்காரர், இடது கை என்று கண்டது பிழை, வாசகர்கள் திருத்திக்கொள்ளவும். துணியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அது எனக்குத் தெரிந்தும் எழுதவில்லை. நான் சரியாகப் பார்த்தேன் என்பது எங்காவது ஓரிடத்தில் மையில் இருக்கவேண்டும் என்று பட்டது.

அந்த இதழ் இருபத்தொரு வீடு சுற்றி ஒரு புதன்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் மேரிக்குக் கிளம்பும் நேரம். பிரிக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனேன். மாலை ஐந்தரைக்கு வந்து கருத்துப் பக்கத்தைத் திறந்தேன். என் திருத்தக் குறிப்புக்கு ஒன்பது கருத்துகள் வந்திருந்தன. நான் எழுதிய எதற்கும் அத்தனை வந்ததில்லை. ஒன்பதும் மறுப்பு. 'இடது கைதான், நாங்கள் ஆறு பேர் பார்த்தோம்' என்றது ஒன்று. 'எழுதியவர் அன்று தூங்கிவிட்டாரா?' என்றது இன்னொன்று. எல்லாம் பெண்கள் எழுத்து.

ஒன்பதாவது கருத்து என் மைப்புட்டியின் கறுப்பில் இருந்தது. குண்டு குண்டான எழுத்து, வரி மேலேறிக்கொண்டே போயிருந்தது.

"திருத்தம் எழுதியவர் பார்த்தது அவர் உட்கார்ந்த இடத்துக்குச் சரி. நாங்கள் பார்த்தது எங்கள் இடத்துக்குச் சரி. சந்தேகம் இருந்தால் அடுத்த படத்துக்கு இந்தப் பக்கம் வரவும். பாய் விரித்து இடம் பிடித்து வைக்கிறோம். முறுக்கு அவர் கொண்டுவரவேண்டும்."

மூன்று தடவை படித்தேன். சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் பழைய பொறாமையும் வந்தது: இதை நான் எழுதியிருக்கவேண்டும். அவள் அடுப்படி வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுத வராதுன்னே."

"கோவம் வந்தா வருது போலருக்கு."

"இதையும் லாத்தாகிட்டச் சொல்லிப் பாத்துட்டுத்தான் எழுதுனியா?"

அவளுக்கு நான் எதைக் கேட்கிறேன் என்று புரிந்தது.

"இல்ல," என்றாள். "மத்தியானம் தோணுச்சு, எழுதிட்டேன். யாருகிட்டயும் இன்னும் சொல்லல. நீங்கதான் மொதல்ல படிக்கிறீங்க."

மறுநாள் காலை இதழைப் படிப்பகத்தில் ஒப்படைத்திருக்கவேண்டும். அங்கே முசே படிப்பார், பாய் படிப்பார், தையல்காரர் உரக்கப் படித்துக் காட்டுவார். நான் அதைத் துணியில் சுற்றி என் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மேரிக்குப் போனேன். வெள்ளிக்கிழமைதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏன் ஒரு நாள் தாமதம் என்று முசே கேட்டதற்கு, தைத்த நூல் விட்டுப்போயிருந்தது, சரிசெய்தேன் என்று பொய் சொன்னேன்.